இயல்பு அளவு

மாலை ஏழுக்குப் பிறகு வரச் சொல்லியிருந்தேன்.
கடைசி சர்க்கரைக்காரர்
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி படியிறங்க,
தஸ்லீமா ஏறி வந்தாள்.
பரங்கிப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி,
மடியில் ஐஸ் பெட்டி.
மீன் கூடையென்று நினைத்து
கண்டக்டர் லக்கேஜ் கேட்டாராம்.

உள்ளே ஒன்பது குழாய்கள்.
ஒவ்வொன்றிலும்
ஒரு கொசுக்கூட்டம் குடித்த அளவு.
உப்பனாற்றுச் சேற்றில் விடியுமுன் வலையில் சிக்கி,
எடை பார்த்து, காலில் வளையம் மாட்டி,
விட்டுவிட்ட உள்ளான்களின் ரத்தம்.
வளைந்த மூக்கு,
உள்ளங்கையில் அடங்கும் உடம்பு,
ஒரு முட்டையின் எடைதான்.
சித்திரையில் கிளம்பினால்
சைபீரியாவின் வடக்கு ஓரத்தில், இருட்டாத இரவில்,
நான்கு முட்டையிடும்.

"மனுஷ மெஷின்ல பறவை ரத்தமா?"
"தைராக்சின் எல்லா உடம்புலயும் ஒரே அச்சுதான் அக்கா.
தவளைக்கும் அதான். உங்களுக்கும் அதான்."
எனக்கும் அதுதான்.
ஐந்து வருடமாய் விடியலில் வெறும் வயிற்றில்
நூறு மைக்ரோகிராம்.

கணினி பெயர் கேட்டது.
பெயரில்லாமல் அடுத்த பக்கம் திறக்காது.
வளைய எண்ணை அடித்தேன்.
வயது: ஒன்று.
ஆணா, பெண்ணா?
தஸ்லீமா உதட்டைப் பிதுக்கினாள்.
பெண் என்று போட்டேன்;
இந்தச் சோதனைக்கு வந்து நிற்பது
பெரும்பாலும் நாங்கள்தானே.
பரிந்துரைத்த மருத்துவர்:
ஒரு கோடு.

மெஷின் சுற்றும் நேரத்தில் அவள் சொன்னாள்:
சில மருந்துகள் வெயிலில் எழும்பும், குளிரில் இறங்கும்.
நடுவில் எத்தனை இடத்தில் உட்கார்ந்து எழுந்தாலும்
கடைசி ஸ்டாப் துருவம்.
அழியாது.
பாசியில் தூசு, மீனில் துளி,
மீனைத் தின்னும் பறவையின் கொழுப்பில் சேமிப்பு,
அங்கிருந்து மஞ்சள் கருவுக்குப் பங்கு.

அங்கே ஒரு கடற்பறவை, பாறை விளிம்பில்.
இந்தப் பக்கம் வந்ததேயில்லை அது.
சிதம்பரம் ரோடு தெரியாது.
முட்டைமேல் உட்காரு, உட்காரு என்று
உள்ளிருந்து சொல்லும் சுரப்பு
அதன் ரத்தத்தில் குறைந்திருக்கிறது.
பசியில்லை. நரி வரவில்லை.
அடுப்பை அணைத்தோமா என்று
பாதி வழியில் நின்றுவிடுகிறவளைப் போல
எழுகிறது,
ஆனால் வெளியே போகிறது.
முட்டை ஆறுகிறது.

"எல்லாம் எந்த ஊர்லருந்து போனதுன்னு சொல்லிருவீங்களா?"
"முடியாதுக்கா. விலாசம் எழுதிட்டுப் போறதில்ல."

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.
பங்குனியின் தெற்குக் காற்று.
சிப்காட்டிலிருந்து இன்றைக்கு நகப்பூச்சு வாசனை.
நேற்று அழுகிய முட்டைக்கோஸ்.
என் வீட்டுக்காரர் காசிலிங்கத்தின் சட்டையில் வருவது வேறு.
பதினெட்டு வருடமாய் அதற்குப் பெயர் தேடியதில்லை.
வீட்டுக்கடன் அந்தச் சட்டையில்தான் அடைந்தது.
இதை தஸ்லீமாவிடம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
அவள் ஒன்றும் கேட்டிருக்க மாட்டாள்,
அதனால்தான்.

தாள் வந்தது.
ஒன்பது எண்ணுக்குப் பக்கத்திலும் ஒன்பது எல்.
குறைவு, குறைவு, குறைவு.
இயல்பு அளவுக் கட்டத்தில் அச்சாகியிருந்தது
மனுஷிக்கான எண்.
"உள்ளானுக்கு எவ்வளவு இருக்கணும்?"
"அதான் தெரியலக்கா.
எதுவும் ஏறாத ஒண்ணைப் புடிச்சு அளந்தாத்தான் தெரியும்."
"எங்க கிடைக்கும்?"
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் நாற்பது பேர் வருவார்கள்,
குடிகாட்டிலிருந்தும் ராசாப்பேட்டையிலிருந்தும்.
அவர்கள் தாளிலும் அதே கட்டம், அதே எண்,
கிட் பெட்டியோடு எங்கிருந்தோ வந்தது.
யார் ரத்தத்தில் பார்த்து எழுதினார்களோ.

பில் போடவில்லை.
ஒன்பதையும் மடித்து உறையிலிட்டு,
கை பழக்கத்தில்
முத்திரையும் குத்திவிட்டேன்:
மருத்துவரை அணுகவும்.

அவள் அதைப் பார்க்கவில்லை.
கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.
படியெல்லாம்
ஐஸ் உருகிய தண்ணீர்.